கிளவுட்டில் கொட்டிவைத்த தரவு பதில் சொல்லாதபோது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருகோணமலையில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து மீனவர்களுக்காக ஒரு சிறிய சேவையை நடத்துகிறோம். வள்ளங்களில் பூட்டிய கருவிகள் அனுப்பும் இடக்குறிப்புகள், கரையில் எடுக்கும் மீன் படங்கள், சம்மாட்டிமார் அனுப்பும் குரல் செய்திகள், வானிலை அறிவிப்புகள் எல்லாம் கிளவுட்டில் உள்ள ஒரே பக்கெட்டுக்குள், அதாவது கோப்புகளைப் போட்டுவைக்கும் தொட்டிக்குள், போய் விழுகின்றன. வரிசையும் நிரலுமாக ஓர் அட்டவணைக்குள் அடங்காத தரவு. இதைப் போட்டுவைப்பது சுலபம். அமேசானின் எஸ்3 என்ற கிளவுட் சேமிப்புச் சேவை 2006 இல் வந்ததிலிருந்து எவரும் எதையும் எவ்வளவும் அதில் போடலாம். கேள்வி கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நாங்கள் பட்ட பாட்டை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். எங்கள் தரவு மும்பையில் எஸ்3 இல் இருக்கிறது, கேள்வி கேட்பது அத்தீனா மூலம், எஸ்3 கோப்புகளை நேரே வாசித்து விடை தரும் அமேசானின் சேவை அது. இதே மாதிரியான கூகுளின் பிக்குவெரி வைத்திருப்பவர்களுக்கும் மைக்ரோசொஃப்டின் அஸூர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஓர் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு குவெரி (தரவிடம் கேட்கும் கேள்வி) முடிந்ததும் எவ்வளவு தரவு வாசிக்கப்பட்டது என்று அத்தீனா காட்டும். வாசித்தது கொஞ்சம், நேரம் அதிகம் என்றால் கோப்புகளின் எண்ணிக்கையில் பிழை. வாசித்தது மலையளவு, விடை கையளவு என்றால் அடுக்கிவைத்த விதத்தில் பிழை. வாசித்ததே பூச்சியம் என்றால் முகவரியில் பிழை. இந்த எண்ணைப் பார்க்காமல் பெரிய இயந்திரத்துக்குக் காசு கட்டாதீர்கள். தரவு மெதுவாக வருவதற்கான காரணம் அநேகமாக அதை எழுதிய அன்றே உண்டாகிவிடுகிறது.

"தரவு கொஞ்சம்தான், பதில் வர நிமிடக்கணக்காகிறது"

எங்களுக்கு முதலில் வந்த நோய் இதுதான். ஒரு கருவி 10 விநாடிக்கு ஒரு தடவை இடம் அனுப்பினால் ஒரு நாளில் 8,640 செய்திகள். 300 வள்ளம் என்றால் 25,92,000. ஒவ்வொரு செய்தியையும் வந்தவுடன் தனி ஜேசன் கோப்பாக (விவரங்களைப் பெயரோடு எழுத்தாக எழுதும் வடிவம்) போட்டோம். ஒன்று 300 பைட் என்று வைத்தால் மொத்தம் 780 எம்பிகூட இல்லை. ஆனால் எஸ்3 ஒரு தடவை கேட்டால் 1,000 பெயர்களைத்தான் தரும். என்னென்ன கோப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே 2,592 தடவை கேட்க வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றையும் திறந்து மூட வேண்டும். பிடித்த மீனை ஒவ்வொன்றாகச் சைக்கிளில் வைத்துச் சந்தைக்குக் கொண்டுபோவது போன்ற வேலை. எழுதும் செலவும் இருக்கிறது. 1,000 பதிவேற்றத்துக்கு 0.005 டொலர் என்று போட்டால் நாளுக்கு ஏறத்தாழ 13 டொலர். சேமிப்புக்கான கட்டணம் அதன் பக்கத்தில்கூட வராது.

மருந்து, சேர்த்துக் கட்டுவது. செய்திகளை நடுவில் ஒரு வரிசையில் தேக்கிவைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு தடவை ஒரே கோப்பாக எழுதுங்கள். இரவில் ஒரு வேலை ஓடி அன்றைய கோப்புகளை எல்லாம் பெரிய துண்டுகளாகச் சேர்க்கட்டும். ஒரு துண்டு 128 எம்பிக்கு மேல் இருந்தால் நல்லது. அதற்காக எல்லாவற்றையும் ஜிசிப் முறையில் சுருக்கிய ஒரே 10 ஜிபி கோப்பாகக் கட்டிவிடவும் கூடாது. ஜிசிப்பை நடுவிலிருந்து வாசிக்க முடியாது. அதனால் வேலையைப் பங்குபோடும் இயந்திரங்களில் ஒரே ஒரு வேலையாள் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க, மற்றவர்கள் சும்மா நிற்பார்கள்.

"பத்து வரிதான் கேட்டேன், பில் எகிறிவிட்டது"

குவெரியின் கடைசியில் லிமிட் 10 என்று போட்டால் செலவு குறையும் என்பது பலருடைய நம்பிக்கை. குறையும் என்று நம்பி இருக்க வேண்டாம். கட்டணம் உங்களுக்கு வந்த வரிகளுக்கு அல்ல, உள்ளே வாசித்த தரவுக்கு. பிக்குவெரியின் சாதாரண அட்டவணைகளில் லிமிட் போட்டாலும் முழு நிரலுக்கும் கணக்கு விழும்.

அத்தீனாவின் விலை ஒரு டெராபைட் வாசித்தால் 5 டொலர். எங்கள் கணக்கில் நாளுக்கு 780 எம்பி, ஓர் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 285 ஜிபி. ஒரு தடவை முழுவதும் வாசித்தால் 1.40 டொலர்தான், பெரிய காசு இல்லை. ஆனால் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகப் புதுப்பிக்கும் திரை ஒன்று இருந்தால் நாளுக்கு 96 தடவை. செலவு 130 டொலரைத் தாண்டிவிடும். இத்தனைக்கும் அந்தத் திரை காட்டுவது இன்றைய தரவை மட்டும்.

இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும், இரண்டும் வேண்டும். ஒன்று, நாள் வாரியாகப் பிரித்துப் போடுவது. பாதையில் ஆண்டு=2025, மாதம்=11, நாள்=23 என்று அடைவுகள் வரட்டும் (பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் வையுங்கள், காரணம் பிறகு வருகிறது). குவெரியில் நாளைக் குறிப்பிட்டால் மற்ற அடைவுகளை அத்தீனா திறந்தே பார்க்காது.

மற்றது, ஜேசனை விட்டு பார்கே வடிவத்துக்கு மாறுவது. ட்விட்டரும் கிளவுடெராவும் சேர்ந்து உருவாக்கி 2013 இல் வெளியிட்ட வடிவம் இது. ஜேசனில் ஒரு செய்தியின் எல்லா விவரமும் ஒன்றாகக் கிடக்கும், வேகத்தை மட்டும் கேட்டாலும் முழு வரியையும் வாசிக்க வேண்டும். பார்கேயில் வேகம் எல்லாம் ஓரிடத்தில், நேரம் எல்லாம் ஓரிடத்தில். கரையிலேயே சூரை ஒரு பெட்டி, பாரை ஒரு பெட்டி, கும்பிளா ஒரு பெட்டி என்று பிரித்து அடுக்கியது போல. கோப்பின் கடைசியில் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மிகச் சிறிய மதிப்பும் மிகப் பெரிய மதிப்பும் எழுதப்பட்டிருக்கும், அதைப் பார்த்தே வேண்டாத பகுதியைத் தாண்டிவிடலாம். அதனால் எழுதும்போது வள்ள இலக்கத்தின்படி வரிசைப்படுத்தி எழுதுங்கள். ஒரு வள்ளத்தைத் தேடும்போது மிச்சம் எல்லாம் தானாக விலகும். மாற்றும் வேலையை அத்தீனாவுக்குள்ளேயே செய்யலாம், ஆனால் ஒரு தடவைக்கு 100 பிரிப்புகளுக்கு (இங்கே 100 நாள் அடைவுகளுக்கு) மேல் எழுத விடாது. ஓராண்டை மாற்றுவதென்றால் நான்கு துண்டாக வெட்டி ஓட்டுங்கள்.

இன்னொரு விசயம். "இப்போது என் வள்ளம் எங்கே நிற்கிறது" என்ற கேள்விக்கு அத்தீனா சரியான ஆள் இல்லை. எவ்வளவு அழகாக அடுக்கினாலும் அது விநாடிக்கணக்கில்தான் பதில் சொல்லும். கடைசி இடத்தை மட்டும் டைனமோடிபி என்ற அமேசானின் தரவுத்தளத்தில் வள்ள இலக்கத்தைச் சாவியாக வைத்துப் போட்டால் கண்சிமிட்டும் நேரத்தில் வரும். அங்கேயும் சாவியால் எடுக்க வேண்டும். முழு அட்டவணையையும் ஸ்கேன் செய்து வடிகட்டினால், வடிகட்டித் தள்ளியதற்கும் சேர்த்தே காசு போகும்.

"கோப்பு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, விடை பூச்சியம்"

அநேகமாகப் புதிய நாளின் பிரிப்பு அட்டவணையில் பதியப்படவில்லை. அடைவு உண்டானால் மட்டும் போதாது, இப்படி ஒரு நாள் வந்திருக்கிறது என்று அட்டவணைக்குச் சொல்ல வேண்டும். தினமும் பதியும் கட்டளையை ஓட்டலாம். அதைவிட நல்லது பார்ட்டிஷன் புரொஜெக்ஷன். நாள் எங்கே தொடங்கி எப்படி வளர்கிறது என்ற விதியை ஒரு தடவை எழுதிவிட்டால் பதிவே தேவையில்லை. நாங்கள் அதற்கு மாறிய பிறகு இந்த அறிகுறி திரும்பி வரவில்லை.

அதுவும் சரியாக இருந்தால் பெயரைப் பாருங்கள். அடிக்கோட்டிலோ புள்ளியிலோ தொடங்கும் கோப்புகளை அத்தீனா மறைந்த கோப்பாக எண்ணி விட்டுவிடும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்த அடைவுப் பெயரைத் தானியங்கிப் பதிவுக் கட்டளை சேர்க்காது. பழைய ஆண்டுகள் மட்டும் காணாமல் போயிருந்தால், செலவு குறைக்க எவரோ அவற்றைக் கிளேசியர் என்ற மலிவான ஆவணச் சேமிப்புக்கு அனுப்பியிருக்கலாம். அதன் டீப் ஆர்க்கைவ் வகையிலிருந்து மீட்க, சாதாரண வழியில் 12 மணி நேரம்வரை ஆகும்.

"விடியற்காலைத் தரவு காணாமல் போகிறது"

ஒரு நாள் உப்புவெளியில் ஒருவர் போனை நீட்டிக் கேட்டார். "தம்பி, நான் விடிய மூண்டு மணிக்குக் கடலுக்குப் போனனான். உன்ர படத்தில என்ர வள்ளம் ஏழு மணி மட்டும் கரையில நிக்குதே?" கருவியும் பிழையில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. சேவையகம் உலகப் பொது நேரத்தில் நாளைப் பிரித்தது. எங்கள் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். 23 ஆம் திகதி விடிய 3:00 மணி என்பது அங்கே 22 ஆம் திகதி இரவு 9:30. ஆகவே நடுச்சாமத்திலிருந்து 5:30 வரை போன ஓட்டம் முழுவதும் முந்தைய நாளின் அடைவுக்குள் விழுந்துகிடந்தது. ஏழு மணி எப்படி வந்தது என்று தேடினோம். 5:30 க்குப் பிறகு அவர் கருவிக்குச் சமிக்ஞை இல்லை, ஏழுக்குத்தான் அடுத்த செய்தி.

நேரத்தை உலகப் பொது நேரத்திலேயே சேமியுங்கள், அதை மாற்ற வேண்டாம். ஆனால் அடைவைப் பிரிக்கும் நாளை இலங்கை நேரத்தில் கணக்கிட்டுத் தனி நிரலாக வையுங்கள். கடலுக்குப் போகும் மனிதரின் நாள்தான் உங்கள் நாள். பழைய பதிவேடுகளைச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1996 இல் இலங்கையின் கடிகாரம் முன்னால் நகர்த்தப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அந்த இடைக்காலத் தரவுக்கு எல்லா இடத்திலும் 5:30 ஐக் கழித்தால் பிழையாகிவிடும். கையால் கழிக்காமல் நேர வலயப் பட்டியலில் உள்ள கொழும்பைப் பயன்படுத்துங்கள், அதற்கு இந்த வரலாறு தெரியும்.

"தமிழில் தேடினால் கிடைக்கவில்லை, கண்ணுக்குத் தெரிகிறது"

இதற்குத்தான் நான் அதிக நாட்களைச் செலவழித்தேன். நமக்கு வேறு யாரும் எழுதித் தரப்போவதில்லை என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

"கொட்டியாரம்" என்று தேடினேன். பாதிதான் வந்தது. வராத ஒரு வரியை எடுத்து எழுத்து எழுத்தாக எண்ணிப் பார்த்தேன். வந்ததில் நீளம் 11. வராததில் 12. திரையில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் முதல் எழுத்தில் இருந்தது. "கொ" என்பதன் உயிர்க்குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக்கொம்பு பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். உள்ளே வரும் ஒவ்வொரு தமிழ் வரியையும் என்எஃப்சி என்னும் சீர்வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள், தேடும் சொல்லையும் அதே போல மாற்றுங்கள். அத்தீனாவில் இதற்கு நார்மலைஸ் என்ற செயற்கூறு உண்டு. ஏற்கெனவே உள்ள தரவை அதை வைத்தே ஒரு தடவை திருத்திவிடலாம்.

இதோடு முடியவில்லை. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் பெயர்களில் "மௌ" அதிகம். சிலர் ஔகாரக் குறியைப் போடுகிறார்கள், சிலர் கொம்பு போட்டு "ள" என்ற எழுத்தையே தட்டுகிறார்கள். மௌலானா, மெளலானா. என்எஃப்சி இதைத் திருத்தாது, ஏனென்றால் யூனிகோட்டுக்கு இவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். நான் அவசரப்பட்டு "ெள" எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றும் ஒரு வரியை எழுதினேன். அடுத்த நாள் நிலாவெளி இல்லை, உப்புவெளி இல்லை, குச்சவெளி இல்லை, வெள்ளைமணல் இல்லை. நம்முடைய கரையோர ஊர்ப் பெயர்களில் பல இந்த "வெளி"யில்தான் முடிகின்றன. அசல் கோப்பை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பினோம். "ள" வுக்குப் பிறகு புள்ளியோ உயிர்க்குறியோ வராத இடத்தில் மட்டும் மாற்றுவது என்று விதியை இறுக்கினால் பெரும்பாலும் சரிவரும். அப்போதும் மாறப்போகும் சொற்களின் பட்டியலை எடுத்துக் கண்ணால் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

மூன்றாவது இடறல் சொற்களைப் பிரிக்கும் இடத்தில். பைத்தன் நிரல்மொழியில் வழக்கமான ஆர்ஈ தொகுதியை வைத்துச் சொல் சொல்லாகப் பிரித்தால் "திருகோணமலை" என்ற ஒரு சொல் "த", "ர", "க", "ணமல" என்று நான்காக உடைந்துவிடும். உயிர்க்குறிகளை அது எழுத்தாகவே எண்ணுவதில்லை. தேடலுக்காகக் கட்டிய உங்கள் சொற்பட்டியலில் "ணமல" போன்ற துண்டுகள் கிடந்தால் காரணம் இதுதான். ரீஜெக்ஸ் என்ற பெயரில் தனியாக ஒரு தொகுதி இருக்கிறது, அதற்கு மாறுங்கள்.

பழைய ஆவணங்களில் பாமினி இருக்கும். அலுவலகங்களில் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்ததெல்லாம் அந்த எழுத்துருவில்தான். திரையில் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை எடுத்துவிட்டால் பொருளில்லாத ஆங்கிலக் கோவை. யூனிகோட்டுக்கு மாற்றாமல் பக்கெட்டில் போட்டால் அதை எந்தத் தேடலும் கண்டுபிடிக்காது. மாற்றியதைப் பக்கத்தில் தனி நிரலாகப் போடுங்கள், அசலும் இருக்கட்டும்.

கடைசியாகப் பெயர் வேறுபாடு. திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை, ட்ரிங்கோ. நான்கும் ஒரே ஊர், நான்கையும் மக்கள் எழுதுகிறார்கள். ஒரு சின்ன அட்டவணையில் எல்லாப் பெயரையும் ஓர் ஊர் எண்ணோடு கட்டிவைத்து, தரவு உள்ளே வரும்போதே அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். குவெரி எண்ணை வைத்து ஓடட்டும்.

அடைவுப் பெயர்களை ஆங்கிலத்தில் வைக்கச் சொன்ன காரணமும் இதுதான். ஒரு தமிழ்க் குறி 3 பைட். "திருகோணமலை" 10 குறி, 30 பைட். இணைய முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரிந்து 90 எழுத்தாகிவிடும். எஸ்3 இல் ஒரு பெயருக்கு 1,024 பைட்தான் எல்லை. தமிழைத் தரவுக்குள் வையுங்கள், பாதையில் வேண்டாம்.

"நேற்று ஓடிய குவெரி இன்று பேட் டேட்டா என்கிறது"

ஏதோ ஒரு கருவி வேகத்தை எண்ணாக அனுப்பாமல் மேற்கோளுக்குள் சொல்லாக அனுப்பியிருக்கும். அல்லது எவரோ ஜேசனை அழகாக வரி பிரித்து எழுதியிருப்பார். அத்தீனாவுக்கு ஒரு பதிவு ஒரே வரியில் இருக்க வேண்டும். பிழை அறிவிப்பில் கோப்பின் பெயர் இருந்தால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். நிலையான வழி, முதல் அடுக்கில் எல்லா நிரலையும் சொல்லாகவே வாசித்து, பார்கேக்கு மாற்றும்போது எண்ணாக்குவது. முடியாதவை தனி அடைவுக்குப் போகட்டும். அந்த அடைவை வாரம் ஒரு தடவை திறந்து பாருங்கள், எந்தக் கருவி பழுது என்று அதுவே சொல்லிவிடும்.

"படத்தையும் குரலையும் எப்படிக் கேள்வி கேட்பது?"

படத்தைத் தரவுத்தளத்துக்குள் திணிக்காதீர்கள். மொங்கோடிபியில் ஓர் ஆவணத்துக்கு 16 எம்பி, டைனமோடிபியில் ஒரு பதிவுக்கு 400 கேபிதான் எல்லை. படம் பக்கெட்டில் இருக்கட்டும், அதைப் பற்றிய ஒரு வரி பார்கேயில் இருக்கட்டும். எடுத்த நேரம், கரை, வள்ளம், மீன் வகை, படத்தின் பாதை. கேள்வி எல்லாம் அந்த வரியிடம்தான். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதற்குள் இருந்த நேரமும் இடமும் அகற்றப்பட்டுவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது செய்தி வந்த நேரத்தையாவது பதியுங்கள். குரலுக்கும் இதே வழி. எழுத்தாக்கியதை ஒரு நிரலிலும், எந்த மென்பொருள் எழுத்தாக்கியது என்பதை இன்னொரு நிரலிலும் வையுங்கள். நாளை அதைவிட நல்ல மென்பொருள் வரும்போது எவற்றைத் திரும்ப ஓட்டுவது என்று தெரியும்.

"503 ஸ்லோ டவுன் என்று வருகிறது"

ஒரே முன்னொட்டில் (பாதையின் முன்பகுதி) விநாடிக்கு 3,500 தடவை எழுதுவதையும் 5,500 தடவை வாசிப்பதையும் எஸ்3 தாங்கும். சிறு கோப்புகளைச் சேர்த்துக் கட்டியிருந்தால் இந்த இடத்துக்கு வரவே மாட்டீர்கள். வந்தால் சற்றுக் காத்திருந்து, இடைவெளியைக் கூட்டிக்கூட்டி மீண்டும் அனுப்புங்கள்.

"அழித்துவிட்டேன், சேமிப்புக் கட்டணம் குறையவில்லை"

பதிப்புகளைக் காக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அழித்தது உண்மையில் அழியவில்லை, மேலே ஒரு குறி மட்டும் விழுந்திருக்கும். பழைய பதிப்புகளுக்குக் காலக்கெடு வையுங்கள்.

எங்களுக்கு வேறு காரணமும் இருந்தது. வாடை மழை தொடங்கினால் இங்கே மின்சாரமும் போகும், இணைப்பும் போகும். பெரிய கோப்புகள் துண்டு துண்டாக மேலே போகும்போது பாதியில் அறுந்தால், போய்ச் சேர்ந்த துண்டுகள் அங்கேயே கிடக்கும். கோப்புப் பட்டியலில் அவை தெரியாது. ஆனால் பில்லில் இருக்கும். ஒரு நவம்பர் முழுவதும் இப்படி அறுந்த துண்டுகளுக்கு நாங்கள் வாடகை கட்டினோம். முடிவுறாத பதிவேற்றங்களை 7 நாளில் நீக்கு என்று பக்கெட்டின் ஆயுட்கால விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். பக்கெட்டைத் திறக்கும் அன்றே அதைச் சேர்த்துவிடுங்கள், மழைக்கு முன்.